அப்பாவும் சித்தப்பாவும் பேசாத ஒன்பது வருடம்

எங்கள் ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஜெயித்த தொகுதி. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே திருவிழாவில் முன்கையில் இரட்டை இலையைப் பச்சை குத்திக்கொண்டவர்கள்.

87 டிசம்பரில் தலைவர் போனார். கட்சி இரண்டானது, இலையை முடக்கிவிட்டார்கள். 89 ஜனவரித் தேர்தலில் ஜானகி அம்மாள் எங்கள் தொகுதியிலேயே இரட்டைப் புறாவில் நின்றார். பக்கத்துப் போடியில் ஜெயலலிதா, சேவல் சின்னம். அப்பா புறா. சித்தப்பா சேவலுக்காக சைக்கிளில் போடிக்கே போய் வேலை பார்த்தார்.

ஒருநாள் ராத்திரி வாசலில் வாக்குவாதம் முற்றி, "நீ எங்கப்பனுக்குப் பொறந்தவனே இல்லடா" என்று அப்பா சொல்லிவிட்டார். அடுப்படியில் இருந்த அப்பத்தா காதில் அது விழுந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பத்தா அன்று சாப்பிடவில்லை. சித்தப்பா மறுநாளே தனிச்சமையல் வைத்துவிட்டார்.

ஜானகி அம்மாள் தோற்றார், ஜெயலலிதா ஜெயித்தார், ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. அடுத்த மாதமே கட்சி ஒன்றாகி இலையும் திரும்பி வந்தது. அந்த நவம்பரில் நடந்த எம்.பி. தேர்தலில் இருவரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். முகம் பார்க்கவில்லை. மேலே இருந்தவர்களுக்குச் சேர ஒரு மாதம் போதுமானதாக இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கிணறு கூட்டுக் கிணறு. ஒரே மோட்டார், முறை வைத்துப் பாய்ச்சல். "உன் சித்தப்பன்கிட்ட சொல்லு, என் முறை முடிஞ்சிருச்சுன்னு" என்பார் அப்பா, அவர் பத்தடி தள்ளி நிற்கும்போதே. நான் போய்ச் சொல்வேன். அப்பத்தா செத்த அன்றுகூட ஆளுக்கொரு பக்கம்தான் நின்றார்கள்.

97இல் அக்கா கல்யாணம். சித்தப்பாவுக்கு அப்பா பத்திரிகை வைக்கவில்லை. சித்தி மட்டும் வந்து பந்தியில் உட்காராமல் போய்விட்டார். ராத்திரி மொய் நோட்டை நான் வாசிக்க, அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா பெயரில் ஐந்நூற்று ஒன்று. "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன்.

மறுவருடம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். இங்கேயும் பத்திரிகை வரவில்லை. "செய்முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அப்பா கிளம்பிவிட்டார். ஆயிரத்து ஒன்று எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். சித்தப்பாவே வந்து இலை போட்டார். பச்சை குத்திய இரண்டு கையும் ஒரு நிமிடம் அந்த இலைமேல் இருந்தன.

"மோட்டார்ல சத்தம் வருதே, பாத்தியா?" என்றார் அப்பா.

"பேரிங்கு போயிருச்சுண்ணே. நாளைக்குக் கழட்டணும்."

"நானும் வர்றேன்."