புதுப்பிப்பு: கடலைத் தட்டு இரவுச் சாப்பாடாகிவிட்டது

பின்னேரம் ஒரு தட்டுத் தாளித்த கடலை (கொண்டைக்கடலை) சாப்பிட்டாலும் 8 மணிக்கே திரும்பப் பசிக்கிறது, அதையே இரவுச் சாப்பாடாக்க என்ன சேர்க்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் அவித்த முட்டை. ஒன்றில் 6 கிராம் அளவு புரதம் இருக்கிறது, நல்ல யோசனைதான். ஆனால் தட்டையே மாற்றியது சூடை என்ற சின்னக் கடல் மீன். திருகோணமலையில் இருந்துகொண்டு இது எனக்கு முதலே தோன்றியிருக்க வேண்டும்! காலையில் சந்தையில் வாங்கி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, முள்ளும் நொறுங்கும்படி பொரித்தேன். கடலைக்குச் செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, பல்லில் கடிபடும் தேங்காய்ச் சொட்டு. இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. அடுப்பில் விட்டால் கைத்துவிடும். அப்புறம் கொஞ்சம் வெள்ளரிக்காய்.

அம்மாவும் இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டா. படுக்கும்வரை பசிக்கவில்லை.