நாள்காட்டி நிறைய வேலை, கையில் காசு இல்லை: விலையை ஏற்றுவதா, இறக்குவதா?

மாலைவெயில்:
முழுநேரமாகப் புகைப்படம் எடுக்க வந்து மூன்று வருடம். போன வருடம் 46 திருமணங்கள் எடுத்தேன். அது போக, சின்ன நிறுவனங்களுக்குக் கொஞ்சம் பொருள் படங்கள், அதாவது அவர்கள் விற்கும் பொருள்களின் படங்கள். ஓய்வே இல்லாத வருடம். முடிவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் மனசு உடைந்துவிட்டது.

ஒரு திருமணத்துக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதி வைத்திருந்தேன். எடுப்பது 9 மணி நேரம். முன்கூட்டிய சந்திப்பு, போன் பேச்சு 3. போக வர 3. சுமார் 2,400 படங்களில் நல்லதைப் பொறுக்க 5. கலர் சரிசெய்ய 12. ஆல்பம் வடிவமைப்பு 6. "அத்தை படம் விட்டுப்போச்சு" வகைத் திருத்தங்கள் 2. பேக்கப், டெலிவரி 1. மொத்தம் 41 மணி நேரம். செலவெல்லாம் போக ஒரு மணி நேரத்துக்கு எனக்குக் கிடைப்பது, கூட வரும் உதவியாளருக்கு நான் கொடுப்பதைவிடக் குறைவு.

என் விலையை வைத்த விதம் இதுதான்: சுற்றியிருப்பவர்கள் வாங்குவதைப் பார்த்து, அதில் கொஞ்சம் குறைத்தேன். வேறு யோசனையே இல்லை. இப்போது 30 சதவீதம் ஏற்றலாம் என்று நினைக்கிறேன். தொழிலில் கூட இருக்கும் நண்பர், "ஏற்றாதே, 15 சதவீதம் இறக்கு, வேலை கொட்டும்" என்கிறார். யார் சொல்வது சரி?

கணக்குநோட்டு:
ஏற்றுங்கள். இறக்கினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பாருங்கள், அப்புறம் அந்தப் பேச்சே வராது.

நீங்கள் 100 வாங்குகிறீர்கள் என்று வைப்போம். உதவியாளர், ஆல்பம் அச்சு, பயணம் என்று அந்த வேலைக்கே நேராகப் போவது 60. மிச்சம் 40. விலையை 85 ஆக்கினால் செலவு அதே 60தான், மிச்சம் 25. பழைய தொகை கைக்கு வர 46 திருமணம் போதாது, 74 வேண்டும். 74ஐ 41 மணி நேரத்தால் பெருக்குங்கள்: 3,034. வருடத்தின் 52 வாரமும் வாரத்துக்கு 58 மணி நேரம், காய்ச்சல் வராமல், வீட்டு விசேஷத்துக்கும் போகாமல்.

இப்போது 130 ஆக்குங்கள். மிச்சம் 70. அதே தொகைக்கு 27 திருமணம் போதும். 19 பேர் "வேண்டாம்" என்று போனாலும் நீங்கள் இன்று இருக்கும் இடத்திலேயே இருப்பீர்கள், கூடவே 779 மணி நேரம் திரும்பக் கிடைக்கும்.

இந்த 60ல் கேமராத் தேய்மானத்தைச் சேர்த்தீர்களா? பெரும்பாலானவர்கள் சேர்ப்பதில்லை. உங்கள் கணக்குப்படி வருடத்துக்கு 1,10,400 கிளிக். இடைநிலை கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டருக்கு (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் பாகம்) 2,00,000 கிளிக் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. ஒரே கேமராவில் எடுத்தால் இரண்டு வருடம் முடிவதற்குள் அந்த எல்லை வந்துவிடும். அடுத்த கேமராவுக்கான பணம் ஒவ்வொரு திருமணத்திலிருந்தும் ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்காத வரை, வாடிக்கையாளரின் படத்துக்கு நீங்கள் கைக்காசு போடுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

பழைய ஸ்டுடியோ:
தம்பி, கணக்குநோட்டு போட்ட கணக்கில் தப்பில்லை. ஆனால் அதில் ஒரு ஆள் இல்லை: வாங்குகிறவர். உங்கள் ஷட்டர் எத்தனை கிளிக் தாங்கும் என்பது அவருக்கு எதற்கு? பக்கத்தில் இதே வேலை என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதுதான் அவர் கேள்வி.

நான் 22 வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். ஒரு வருடம் இப்படித்தான் மனசு வெறுத்து ஒரே அடியாக 40 சதவீதம் ஏற்றினேன். ஐந்து மாதம் போன் அடிக்கவில்லை. வாடகை மட்டும் மாதா மாதம் வந்து நின்றது. 19 பேர் போனாலும் பரவாயில்லை என்று எழுதுவது எளிது. அந்த 19 பேர் வருடம் முழுக்கப் பரவலாகப் போவதில்லை, முதல் நான்கு மாதத்தில் மொத்தமாகப் போவார்கள். அதைத் தாங்கக் கையிருப்பு இருக்கிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் தொழிலில் ஒரு வேலைதான் அடுத்த வேலையைக் கூட்டி வருகிறது. மணமகளின் தோழி படத்தைப் பார்த்து நம்பர் கேட்கிறாள். 46ஐ 27 ஆக்கினால் நம் படத்தைப் பார்ப்பவர்களும் அந்த அளவுக்குக் குறைவார்கள். அடுத்த வருடம் 27 வருமா என்பதே சந்தேகம்.

காலியாகப் போன ஒரு சனிக்கிழமையை எடுத்து வைத்துத் திங்கட்கிழமை விற்க முடியாது. விமானத்தில் காலி இருக்கை மாதிரிதான். அதனால்தான் விமானக் கம்பெனிகளே குறைத்துக் கொடுக்கின்றன.

கணக்குநோட்டு:
விமான உதாரணத்தை நீங்களே எடுத்தது நல்லது, அண்ணா. 1985ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மலிவுக் கட்டணத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தபோது எல்லா இருக்கைக்கும் குறைக்கவில்லை. பல நாள் முன்னாலேயே வாங்க வேண்டும், ரத்து செய்தால் இழப்பு என்று வேலி போட்டுத்தான் குறைத்தார்கள். கடைசி நேரத்தில் அவசரமாகப் பறப்பவர் முழு விலையே கொடுத்தார். மாலைவெயிலின் நண்பர் சொல்வது எல்லாருக்கும் 15 சதவீதம். அது வேலி இல்லாத தள்ளுபடி. முகூர்த்த நாளில் எந்த விலைக்கும் வரத் தயாராக இருந்தவருக்கும் சேர்த்துக் குறைத்துவிடுகிறீர்கள்.

பழைய ஸ்டுடியோ:
அதை ஒத்துக்கொள்கிறேன். வார நாள், சீசன் இல்லாத மாதம், பாதி நாள் வேலை: இவற்றுக்குத் தனி விலை. நான் செய்வதும் அதுதான். ஆனால் நிரம்பும் நாளுக்குக்கூட 30 சதவீதத்தை ஒரே நாளில் ஏற்றாதே என்கிறேன்.

வெள்ளைப்பின்னணி:
நீங்கள் இருவரும் நேரத்துக்கு மட்டும் விலை பேசுகிறீர்கள். மாலைவெயில் போகிற போக்கில் சொன்ன அந்தப் பொருள் படங்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் முழுக்க அந்த வேலைதான் செய்கிறேன்.

ஒரு சோப்பைப் படம் எடுக்க அரை நாள். அந்தப் படம் ஒரு இணையதளத்தில் ஒரு வருடம் இருப்பதும், நெடுஞ்சாலையில் பெரிய விளம்பரப் பலகையாக நிற்பதும் ஒரே விலையா? எனக்கு ஆன நேரம் ஒன்றுதான். வாங்கியவருக்குக் கிடைக்கும் பயன் ஒன்றல்ல. விலை பயன்பாட்டுக்கு: எங்கே, எவ்வளவு காலம், எந்தெந்த நாட்டில், போட்டி நிறுவனத்துக்கு நான் அதே மாதிரிப் படம் கொடுக்கலாமா கூடாதா.

தொடக்கத்தில் நான் ஒரு சிறு நிறுவனத்துக்கு இணையதளத்துக்கென்று 12 படங்கள் கொடுத்தேன், அரை நாள் கூலிக்கு. சில மாதம் கழித்துக் கடையில் கையில் எடுத்த டப்பாவில் என் படம். மூடியின் ஓரத்தில் நான் அழிக்க மறந்த சின்ன நீர்த்துளிகூட அப்படியே இருந்தது. மூன்று வருடம் அந்த டப்பா விற்றது. நான் எதையும் எழுதி வாங்கவில்லை, அதனால் கேட்கவும் வழியில்லை. அன்றிலிருந்து "பயன்பாடு" என்ற வரி இல்லாமல் ஒரு கொட்டேஷனும் அனுப்பியதில்லை.

சட்டம் நம்மைத் தானாகக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டத்தில் படத்தை எடுத்தவரே முதல் உரிமையாளர். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே முதல் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். ஆக, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உங்கள் விலை.

பழைய ஸ்டுடியோ:
அம்மா, விளம்பர வேலைக்கு நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். ஒரு குடும்பத்திடம் போய் "எங்கே, எவ்வளவு காலம்" என்று கேட்டால் பயந்து எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் கேட்பது, எத்தனை படம், எத்தனை ஆல்பம், எப்போது வரும். பொருள் படத்திலும் சின்னக் கம்பெனி என்றால் மைக்ரோஸ்டாக்கில், அதாவது பொதுவான படங்களை மலிவாக விற்கும் இணையதளங்களில், கிடைக்கும் விலையைக் காட்டுகிறார்கள். ஐஸ்டாக் 2000ல் வந்தது, ஷட்டர்ஸ்டாக் 2003ல். அதற்குப் பிறகு பேரம் பேசும் இடமே மாறிவிட்டது.

வெள்ளைப்பின்னணி:
மாறியது பொதுவான படங்களுக்கு, அண்ணா. கைகுலுக்கும் இருவர், மேசையில் மடிக்கணினி, இதெல்லாம் அங்கே மலிவாகக் கிடைக்கும். அந்த நிறுவனத்தின் சோப்பு அங்கே கிடைக்காது. அவர்களிடம் மட்டுமே இருக்கும் பொருளை எடுத்துக் கொடுக்கிறோம். எல்லாருக்கும் கிடைப்பதன் விலையை அதற்கு ஒப்பாக ஏன் ஏற்க வேண்டும்?

மூன்றாம்விதி:
வேறு கோணம் ஒன்று. மூன்று பேக்கேஜ் போடுங்கள். நடுவில் இருப்பதுதான் விற்க வேண்டியது. 1982ல் ஹியூபர், பெய்ன், புட்டோ என்ற மூவர் காட்டினார்கள்: ஒன்றைவிட எல்லா விதத்திலும் மட்டமான இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால், அந்த முதலாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடுகிறார்கள். அதனால் நடுப் பேக்கேஜுக்குக் கிட்டத்தட்ட அதே விலையில், ஆல்பம் இல்லாத ஒன்றை வையுங்கள். யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் நடுவில் இருப்பது பிரமாதமாகத் தெரியும்.

வெள்ளைப்பின்னணி:
இதை நான் எதிர்க்கிறேன். யாரும் வாங்கக் கூடாது என்றே ஒரு பேக்கேஜ் செய்வது ஏமாற்று. யாராவது ஒருவர் நம்பி அதை வாங்கிவிட்டால்? திருமணம் ஒருமுறை நடப்பது, அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது? மூன்று வையுங்கள், தப்பில்லை. ஆனால் எதை வாங்கினாலும் சந்தோஷமாகச் செய்து கொடுக்கக்கூடிய மூன்றாக இருக்கட்டும்.

மூன்றாம்விதி:
சரி, அந்தத் தூண்டில் வேண்டாம். ஆனால் பெரியதை முதலில் காட்டுங்கள் என்பதை விட மாட்டேன். முதலில் கண்ணில் படும் எண்ணை வைத்தே அடுத்ததை எடைபோடுகிறோம் என்று 1974லேயே ட்வெர்ஸ்கியும் கானெமனும் எழுதிவிட்டார்கள். பெரிய பேக்கேஜ் உண்மையான பேக்கேஜாக இருந்தால் அதை மேலே வைப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை.

மாலைவெயில்:
எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் மூன்று பேர் விசாரித்தார்கள். மூவருக்கும் 30 சதவீதம் ஏற்றிய விலையையே அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் அரை மணி நேரத்தில் அட்வான்ஸ் அனுப்பிவிட்டார், அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. மூன்று வருடமாக இவரைப் போன்றவர்களிடம் ஏன் கேட்காமல் இருந்தேன்?

மூன்றாமவர், "இவ்வளவு முடியாது, குறைக்க முடியுமா" என்றார். பழைய பழக்கத்தில் "சரிங்க" என்று டைப் செய்து அனுப்பப் போனேன். நிறுத்தி, 40 பக்க ஆல்பத்தை 24 பக்கமாக்கி, எடுக்கும் நேரத்தை 9 மணியிலிருந்து 6 ஆக்கி, அதற்கு ஒரு விலை கொடுத்தேன். ஒத்துக்கொண்டார். வேலையைக் குறைத்து விலையைக் குறைத்ததால் மனசில் உறுத்தல் இல்லை.

அண்ணன் கேட்ட கையிருப்பு: இரண்டு மாதத்துக்கு இருக்கிறது, அதற்கு மேல் இல்லை.

பழைய ஸ்டுடியோ:
மூன்று பேர் சந்தை ஆகாது, தம்பி. இரண்டு மாதக் கையிருப்போடு 30 சதவீதம் ஏற்றினால் மூன்றாவது மாதம் பயத்தில் பழைய விலைக்கும் கீழே இறங்குவீர்கள். நான் இறங்கினேன். அந்த இறக்கத்திலிருந்து ஏறி வர இரண்டு வருடம் ஆனது. இப்போது 15 ஏற்றுங்கள். நான்கு மாதம் கையிருப்பு சேரட்டும். அடுத்த சீசனுக்கு மீதி.

கணக்குநோட்டு:
கையிருப்பு விஷயத்தில் அண்ணன் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் 15 ஏற்றினால் மிச்சம் 55, பழைய தொகைக்கு 34 திருமணம் எடுக்க வேண்டும். 12 திருமணத்தின் நேரம்தான் திரும்பக் கிடைக்கும். அந்த நேரத்தையும் காலியாக விடாமல் அக்கா சொன்ன பொருள் படங்களுக்குக் கொடுத்தால் ஒழிய, ஒரு வருடம் கழித்து இதே கேள்வியோடு வருவீர்கள். நான் இன்னும் 30 சதவீதத்தின் பக்கம்தான்.

பழைய ஸ்டுடியோ:
சரி, அனுப்பிய கொட்டேஷனை ஒருமுறை காட்டுங்கள். பேர், நம்பர் எல்லாம் எடுத்துவிட்டு.

மாலைவெயில்:
கடைசிப் பகுதி இதுதான்:
"9 மணி நேரம், 2 புகைப்படக் கலைஞர்கள், திருத்திய 400 படங்கள், 40 பக்க ஆல்பம் ஒன்று. ஆறு வாரத்தில் டெலிவரி. தேதியை உறுதிசெய்ய முன்பணம் 40 சதவீதம். விலை பேசிக்கொள்ளலாம்."

பழைய ஸ்டுடியோ:
"விலை பேசிக்கொள்ளலாம்" என்ற கடைசி வரி கூடாது என்பதில் இங்கே யாரும் சண்டை போட மாட்டோம். விலையை எழுதிய கையோடு அதை நம்பாதே என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த வரியை எடுங்கள். திருத்தம் எத்தனை முறை என்பதை எழுதவில்லை, அதைப் போடுங்கள்.

மாலைவெயில்:
எடுத்துவிட்டேன் அண்ணா. "திருத்தம் இருமுறை" என்று போட்டிருக்கிறேன். இன்று மாலை ஒருவருக்கு அனுப்ப வேண்டும், 15 சதவீதம் ஏற்றிய விலையில் அனுப்புகிறேன்.