பாரதக் கூத்தில் மூன்று இரவுகள்தான் இருக்க முடியும் என்றால் எந்த மூன்று?

கேட்பவர்: கோவைவாசி

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் பிறந்த ஊர் வந்தவாசிக்கும் செய்யாற்றுக்கும் இடையில் இருக்கிறது. அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலில் பல ஆண்டுகள் இடைவெளிக்குப் பின் இந்தச் சித்திரையில் பாரதம் வைக்கிறார்கள். காப்புக் கட்டிய நாள் தொட்டுத் தீமிதி வரை பிற்பகலில் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறும் என்று அழைப்பிதழ் வந்திருக்கிறது. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, குறவஞ்சி, மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று பதினோரு இரவுகளைக் குறித்திருக்கிறார்கள்.

எனக்குக் கிடைக்கும் விடுப்பில் மூன்று இரவுகள்தான் ஊரில் இருக்க முடியும். அவை அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. எழுபது வயதைக் கடந்த தாயாரும், பதினான்கு வயது மகளும், பத்து வயது மகனும் உடன் வருவார்கள். சிறு வயதில் ஒருமுறை கூத்துப் பார்க்கப் போய்ப் பாயிலேயே உறங்கிவிட்ட நினைவைத் தவிர எனக்கும் இதில் பழக்கம் இல்லை.

அழைப்பிதழைப் படித்த மகள் ஒரு கேள்வி கேட்டாள்: “எல்லாரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள்தானே, பிறகு ஏன் ஒருவரையொருவர் கொல்கிறார்கள்?” போர்க் கதையாக அல்லாமல் ஒரு குடும்பத்தின் கதையாக இதைப் பார்ப்பதென்றால் எந்த மூன்று இரவுகளைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: செய்யாற்றங்கரை

அம்மா, உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஆகிய மூன்றையும் பாருங்கள் என்பேன்.

தூது இரவைப் பலரும் கண்ணன் சபையில் பேசும் பேச்சுக்காகவே பார்க்கிறார்கள். பாதி நாடு கேட்டு, அது இல்லையென்றால் ஐந்து ஊர், அதுவும் இல்லையென்றால் ஐந்து வீடு என்று அவன் இறங்கி வருவதும், துரியோதனன் எதற்கும் மசியாததும் நல்ல வேடக்காரர்கள் கையில் விடிய விடியக் கேட்கத்தக்கவைதான். ஆனால் குடும்பக் கதை என்று பார்த்தால் அந்த இரவின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. கண்ணன் சொல்லிவிட்டுக் குந்தி கர்ணனைத் தேடிப் போகிறாள். பிறந்த அன்றே ஆற்றில் விட்ட பிள்ளையிடம் இத்தனை காலம் கழித்து “நான்தான் உன் தாய்” என்கிறாள். சொன்ன கையோடு, நாகக்கணையை ஒரு முறைக்கு மேல் தொடுக்கக் கூடாது, அர்ச்சுனன் தவிர மற்ற நால்வரைக் கொல்லக் கூடாது என்று இரண்டு வரங்களையும் வாங்கிக்கொள்கிறாள். அவனும் தன் பங்குக்குக் கேட்கிறான்: நான் களத்தில் விழும்போது என்னை மடியில் வைத்துப் பாலூட்டி, இவன் என் மகன் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். வில்லிபுத்தூராரின் பாரதத்தில் உள்ள இந்தப் பகுதியைப் பிரசங்கியார் பிற்பகலிலேயே பாடிப் பொருள் சொல்லிவிடுவார் என்பதால், இரவில் உறக்கம் வந்தாலும் கதை கைநழுவாது.

இந்த வரம் தெரிந்தவர்களுக்கே கர்ண மோட்சத்தின் கடைசி ஒரு மணி நேரம் முழுதாகப் புரியும். அந்தக் கூத்துப் பிரதி புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிறது. அதில் என்னைப் பொறுத்தவரை போரைவிடப் பெரிய காட்சி, கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுவது. தேரோட்டி வளர்த்தவன் என்று கணவனை இளக்காரமாகவே எண்ணிவந்தவள் அவள். சாவுக்குப் போகிறவன் அப்படிப்பட்ட மனைவியின் முன் நின்று எப்படிப் பேசுவான் என்பதை வேடக்காரர் பாட்டிலும் வசனத்திலுமாக நெடுநேரம் நிறுத்திக் காட்டுவார். இடையில் கட்டியக்காரன் புகுந்து சிரிக்க வைப்பதும் உண்டு. பிறகு களத்துக்குப் போகும்போது அவனுக்குத் தேரோட்டுபவன் சல்லியன். அவன் யார்? மாத்திரியின் உடன்பிறந்தவன், நகுல சகாதேவர்களின் தாய்மாமன். இந்தக் கதையில் உறவில்லாதவர் என்று ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

பதினெட்டாம் போரை ஏன் சொன்னேன் என்றால், அதன் தொடர்ச்சியாக மறுநாள் காலையில் நடக்கும் படுகளத்துக்காக. மண்ணால் மல்லாந்து கிடக்கும் பேருருவாகத் துரியோதனனைச் செய்து வைத்திருப்பார்கள். வீமன் அடித்துத் தொடை பிளந்ததும், அங்கே வைத்திருக்கும் சிவப்பு நீரைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். அதன் பிறகு சில ஊர்களில் காந்தாரி, சில ஊர்களில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள், அந்த மண்ணுருவத்தின் மேல் விழுந்து ஒப்பாரி வைப்பாள். வென்றவளின் கூந்தலும் தோற்றவன் வீட்டு அழுகையும் ஒரே களத்தில், ஒரே காலையில் நடக்கின்றன. அதை உங்கள் மகள் பார்க்கட்டும்.

பதில்: முகவீணைக்காரர் மகன்

செய்யாற்றங்கரை ஐயா சொன்னவற்றில் தூதையும் கர்ண மோட்சத்தையும் ஏற்கிறேன். ஆனால் பகடை துகிலை விட்டுவிட்டுக் குடும்பக் கதை என்று எதைப் பார்ப்பது? நம் பக்கத்தில் அண்ணன் மனைவி தாய்க்குச் சமம் என்பது ஏட்டில் உள்ள பேச்சன்று. அண்ணி எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை இறக்கும் கொழுந்தன்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊரில், அந்த மனிதர்கள் முன்னால், துச்சாதனன் அண்ணியின் கூந்தலைப் பிடித்து இழுத்து வருகிறான். சபையில் பாட்டனும் பெரியப்பனும் ஆசானும் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். திரௌபதி கேட்கும் கேள்வி சட்டக் கேள்வியாகத் தோன்றினாலும், உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இது நேர்ந்தால் பேசமாட்டீர்களா என்பதே அதன் உட்பொருள்.

என் தகப்பனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முகவீணை ஊதியவர். அவர் இருந்த குழுவில் துச்சாதனன் வேடம் கட்டுபவர் அன்று பகல் முழுதும் விரதம் இருப்பார். துகிலில் கை வைக்கும் நேரத்தில் பாட்டை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, இது கதைக்காகச் செய்வது, அம்மன் பொறுக்க வேண்டும் என்று விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார். அதற்குள் கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்களுக்கு அருள் வந்துவிடும். பிள்ளைகள் பார்க்கலாமா என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். நானும் பத்து வயதுக்கு முன்பே பார்த்தேன். அந்த இரவில் ஆபாசம் என்று நினைக்கத் தோன்றிய ஒன்றையும் நான் கண்டதில்லை. ஆனால் பயந்தேன். மகன் பயந்தால் பக்கத்தில் இருங்கள், போதும்.

இன்னொன்று. திரௌபதி வேடத்தை வழக்கமாக ஆண்களே கட்டுவார்கள். காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பின்னாளில் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் முறையாகப் பயின்று, கிரீடமும் புஜக்கட்டையும் அணியும் ஆண் வேடங்கள் உட்பட ஆடியிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். திரௌபதியின் குரல் ஆண் குரலாக இருக்கிறதே என்று முதல் ஐந்து நிமிடம் சிரித்துவிட்டுப் பிறகு அவள் சிரிக்கமாட்டாள்.

பதில்: கிணற்றுப் பங்கு

மேலே இருவரும் பெண்களையும் தாயையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பங்காளிகளைப் பற்றி. தமிழில் தகப்பன் வழி உறவுக்காரனுக்குப் பங்காளி என்று பெயர் வைத்தவர்கள், உறவையும் பங்கையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டார்கள். உங்கள் மகளின் கேள்விக்கு அந்தச் சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது: பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளாக இருந்தும் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று கேட்கிறாள், அப்படி இருப்பதனால்தான் அடித்துக்கொள்கிறார்கள். வெளியாளுக்கு நம் நிலத்தில் என்ன பாத்தியம்?

எங்கள் வீட்டில் என் தகப்பனாருக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு கிணற்றில் தண்ணீர் முறை தொடர்பாகப் பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தது. ஊரில் தூது ஆடிய இரவு இருவரும் களத்தின் இரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். துரியோதனன் ஊசி முனையளவு நிலமும் தரமாட்டேன் என்றபோது, கட்டியக்காரன் கூட்டத்தைப் பார்த்து, “ஏன் சாமி, இந்த ஊரில் அப்படி யாரும் இல்லையே?” என்று கேட்டுவிட்டான். சிரிப்பு அடங்கவே நெடுநேரம் ஆயிற்று. அதனால் இருவரும் பேசிக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இருவருமே அந்தக் கட்டியக்காரனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்தார்கள்.

என் தேர்வில் தூதுக்கு அடுத்தது அபிமன்யு சண்டை. அந்தப் பிள்ளையைச் சுற்றி வளைத்த வியூகத்தில், உதவிக்கு வந்தவர்களை வாயிலில் மறித்து நின்ற சயத்திரதன், நூற்றுவரின் ஒரே தங்கையாகிய துச்சளையின் கணவன். அதாவது அத்தையின் கணவன். அத்தை வீட்டுக்கும் நமக்கும் கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர்களில் இதைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

பதில்: பாய் தலையணையுடன்

நடைமுறைக்கான சில செய்திகள் மட்டும். கூத்து இரவு பத்து மணி அளவில் தொடங்கினாலும் முதன்மை வேடம் திரை பிடித்து வெளியே வரப் பின்னிரவு ஆகலாம்; ஆகவே பிள்ளைகளை மாலையில் உறங்கவைத்து எழுப்பிக் கூட்டிவாருங்கள். தாயாருக்கு முதுகு சாய்க்க ஒரு நாற்காலி அவசியம். மிருதங்கம், டோலக்கு பக்கமாக உட்கார வேண்டாம், ஒலிபெருக்கி காதைத் துளைக்கும். அர்ச்சுனன் தபசை யாரும் சொல்லவில்லையே என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்த உயரமான தபசு மரத்தில் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறும்போது, பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் ஈரப்புடைவையுடன் மரத்தடியில் குப்புறப் படுத்திருப்பார்கள்; மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் பூவுக்கும் முந்தானையை ஏந்துவார்கள். கதையில் உள்ள குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பார்வையாளர்களின் குடும்பத்தையும் அங்கே பார்க்கலாம். மரம் ஏறும் நேரம் ஊருக்கு ஊர் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவைவாசி மீண்டும்:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பதில்களைத் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். தூதும் பகடை துகிலும் சரி என்றார். கர்ண மோட்சம் என்றதும் முகம் மாறிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டு வாசலில் அந்தக் கூத்தைத்தான் ஆடினார்களாம். அதன் பிறகு அவர் அதைப் பார்த்ததில்லை. சாவு வீட்டில் ஆடும் கூத்தைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்ப்பானேன் என்கிறார். கோயிலில் ஆடுவதும் அதே கூத்துதானா, வேறுபாடு உண்டா?

பதில்: முகவீணைக்காரர் மகன்

அம்மா, கூத்து அதுவேதான். காரிய வீடுகளில் கர்ண மோட்சம் அல்லது அரிச்சந்திரன் ஆடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே கர்ணனுக்காக அழும் அழுகை இறந்தவருக்கான அழுகையாகவும் ஆகிவிடுகிறது. கோயில் களத்தில் அது பாரத வரிசையில் ஓர் இரவு. அடுத்த இரவு கதை மேலே நகர்ந்துவிடும். என் தகப்பனார் எத்தனையோ வாசல்களில் அந்தக் கூத்துக்கு ஊதியவர். அவர் காலமானபோது அவருடன் ஆடியவர்கள் கேட்காமலேயே வந்து ஆடினார்கள். முகவீணைக்கு மட்டும் ஆள் இல்லை, ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஆடினார்கள். அதன் பின் நானும் இரண்டு பாரதங்களில் அந்த இரவை மட்டும் தவிர்த்தேன், மூன்றாவதில் பார்த்தேன். உங்கள் தாயாரை வற்புறுத்தாதீர்கள். பத்தாம் இரவு ஊரில் இருக்கும்படி மட்டும் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கும் வீட்டுக்கும் தொலைவு அதிகம் இல்லையென்றால் பாட்டு வீடுவரை கேட்கும். எழுந்து வருவதா வேண்டாமா என்பதை அவரே அப்போது பார்த்துக்கொள்வார்.

கோவைவாசி மீண்டும்:

வீட்டுத் திண்ணையிலிருந்து கோயில் கொடிமரம் தெரியும் ஐயா. பகடை துகிலுக்கு ஒரு முறையும், தூதிலிருந்து கர்ண மோட்சம் வரை ஒரு முறையுமாக இரண்டு பயணங்களுக்கு முன்பதிவு செய்துவிட்டேன். எண்ணிப் பார்த்தால் நான்கு இரவுகள் ஆகின்றன. கூடுதல் ஒரு நாள் விடுப்பை அலுவலகத்தில் எப்படியாவது கேட்டுக்கொள்கிறேன். படுகளம் இந்த முறை இல்லை. அதற்காக மகள் இப்போதே கோபித்துக்கொண்டிருக்கிறாள்.