புதுப்பிப்பு: டேஷ்போர்டு பேட் கழன்று வந்துவிட்டது

முன்பு கேட்டிருந்தது: 1970களின் காரில் டேஷ்போர்டின் மேலுள்ள மெத்தை உறை (பேட்) வெடித்துப்போனது, அதை எப்படிக் கழற்றுவது? கண்ணில் பட்ட ஸ்குரு எல்லாம் எடுத்தும் முன் கண்ணாடிப் பக்கம் அசையவில்லை. காரணம் பேடுக்குள் பதிந்த ஸ்டட்கள் (தலையில்லாத மரையாணிகள்). அவற்றின் நட்டுகள் டேஷ்போர்டுத் தகட்டுக்கு அடியில் இருந்தன.

அந்த நட்டுகளை எட்ட, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மீட்டர் பெட்டி, குளோவ் பாக்ஸ் இரண்டையும் எடுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளைப் பின்னாலிருந்து விடுவிக்காமல் மீட்டரை இழுக்கவே கூடாது. துருப்பிடித்த நட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். அவசரப்பட்டால் ஸ்டட் பேடின் நுரையைக் கிழித்துக்கொண்டு நட்டுடன் சேர்ந்தே சுழலும், பிறகு பிடிக்க இடமிருக்காது.

பினாங்கு வெயிலில் காய்ந்த பேட் முனையைப் பிடித்தாலே நொறுங்கும். ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கி, இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். வெடிப்பை அடைக்க வளையும் ஃபில்லர் (நிரப்புப் பசை) மட்டுமே. காரின் வெளித் தகட்டுப் பள்ளங்களை நிரப்பும் பாடி புட்டி விறைப்பானது, அதே கோட்டில் மறுபடி பிளக்கும்.