பக்கத்துக் காட்டு பி.டி. பருத்தியும் என் வீட்டு விதையும்

விளாத்திகுளத்திலிருந்து:

எனக்கு மூன்று ஏக்கர் கரிசல், மானாவாரி. எல்.ஆர்.ஏ. 5166 பருத்தி போட்டு, அரவையில் கொட்டையைத் தனியாகப் பிரித்து வாங்கிவந்து மறு வருஷம் அதையே விதைப்பேன். எங்கள் குழுவுக்கு இயற்கை விவசாயச் சான்று உண்டு. அதனால் குவிண்டாலுக்குச் சந்தை விலையைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அந்தக் கொஞ்சம்தான் என் லாபமே.

மூன்று வருஷம் முன்னால், தை மாசம். சோதனைக்கு வந்த தம்பி ஒரு கொழுந்து இலையைச் சின்னக் குழாயின் மூடிக்குள் வைத்து அழுத்தி வட்டமாக நறுக்கினான். கரைசல் விட்டுக் குச்சியால் நசுக்கி, தீக்குச்சியைவிடச் சற்று அகலமான ஓர் அட்டையை அதில் நிறுத்தினான். ஒரு கோடு வந்தது. கொஞ்ச நேரத்தில் மங்கலாக இன்னொன்று. "இது பி.டி. அண்ணாச்சி" என்றான். பி.டி. என்றால் புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பருத்தி, இயற்கைச் சான்றுக்கு ஆகாது. எனக்கு நம்பவே முடியவில்லை. வேறு செடிகளிலும் எடுக்கச் சொன்னேன். பத்துச் செடியில் இரண்டில் இரண்டு கோடு.

நான் பி.டி. விதையை வாங்கியதே இல்லை. கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் மாமா காடு முழுக்க அதுதான். பருத்தி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் அவ்வளவாகப் போகாது, தேனீதான் கொண்டுவரும். அந்த வருஷப் பஞ்சில் ஒன்றும் தெரியாது. கலப்பு கொட்டைக்குள் போய்விடும், அடுத்த வருஷம் செடியாக நிற்கும்போதுதான் தெரியும்.

பருத்தி முழுவதும் சாதாரண விலைக்குப் போனது. சரி, அது ஒரு வருஷ நஷ்டம். வீட்டில் வைத்திருந்த கொட்டை மாட்டுத் தீவனமானதுதான் தாங்கவில்லை. புதிதாக வாங்கலாம் என்றால் நாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. வீரிய ஒட்டுதான், சாதா ரக விதைக்குக் கடைகடையாக அலைந்தேன். அப்புறம் கிழக்கு வரப்போரம் எட்டு வரிசை மக்காச்சோளம் தடுப்பாகப் போட்டேன். நிலமும் என்னுடையது, செலவும் என்னுடையது. மாமாவிடம் ஈடு கேட்க எனக்கு வழி தெரியவில்லை, மனசும் வரவில்லை. என் மகள் கல்யாணத்தில் முதல் மொய் எழுதியவர் அவர்.

பெரம்பலூரிலிருந்து:

அண்ணாச்சி, நான் உங்கள் மாமா மாதிரி பி.டி. போடுகிறவன். 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதையும் வைத்துக் கொடுத்தார்கள். சுற்றிலும் ஐந்து வரிசை அல்லது 20 சதவீத நிலம், எது கூடுதலோ அந்த அளவுக்கு அதை விதைக்கச் சொன்னார்கள், பி.டி. நச்சை எதிர்க்கும் சக்தி புழுவுக்கு வராமலிருக்க. நான் விதைத்ததே இல்லை. அவ்வளவு இடத்தைப் புழுவுக்குக் கொடுக்கவா என்று கணக்குப் பார்த்தேன். ஊரில் எல்லாரும் அதே கணக்கைத்தான் பார்த்தோம். இப்போது பூ விரியாமல் ரோஜா மொக்கு மாதிரி சுருண்டிருக்கிறது. பிரித்தால் உள்ளே இளஞ்சிவப்புக் காய்ப்புழு.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் பி.டி. மக்காச்சோளத்தால் ஐந்து மாநிலங்களில் 14 வருஷத்தில் கிடைத்த சுமார் 690 கோடி டாலர் பலனில் 430 கோடி, பி.டி. போடாதவர்களுக்குப் போனதாக 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. வட்டாரம் முழுக்கப் புழு குறைந்ததால், விதைக்குக் கூடுதல் காசு கொடுக்காமலே அவர்களுக்குப் பலன். நம் பக்கமும் ஆரம்பத்தில் பச்சைக் காய்ப்புழு குறைந்தது. அது உங்களுக்கும் உதவியிருக்கும். ஆனாலும் உங்கள் விதை போனதற்கு அது ஈடாகாது.

விளாத்திகுளத்திலிருந்து:

உதவியது தம்பி, மறுக்கவில்லை. நான் இப்போது கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்திக்கு மாறிவிட்டேன், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே 11 ரகம். இதற்கு 26 குரோமோசோம், பி.டி. பருத்திக்கு 52, இரண்டும் லேசில் சேராது. காய் சின்னது, எடுக்கக் கூலி கூட. இழை குட்டை, விலையும் குறைவு. ஆனால் கொட்டையை மறுபடி வீட்டில் எடுத்துவைக்க முடிகிறது. போன தையில் பத்து இலை சோதித்தோம், பத்திலும் ஒரே கோடு. மக்காச்சோளம் நின்ற எட்டு வரிசையிலும் இந்த ஐப்பசியில் பருத்தி விதைத்திருக்கிறேன்.