வேலணை வீட்டார் குழு: தெட்ஃபோர்ட் காட்டில் மரத்துக்கு மரம்

சனி, இரவு 8.40

நான்: (ஐந்து படங்கள்)

நான்: வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். எல்லோரும் நலம். தோளும் கையும் மட்டும் நோகிறது.

அம்மா (வேலணை): பிள்ளை, இரண்டாவது படத்தில் மரத்தில் நிற்பது பேத்தியா?

நான்: ஓம் அம்மா. அடுத்த மரத்தில் பச்சைச் சட்டையோடு நிற்பது நான்.

அம்மா: நீயா! கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்பட்ட பிள்ளையல்லவா நீ.

தம்பி (டொராண்டோ): இது எந்த இடம் அக்கா?

நான்: தெட்ஃபோர்ட் காடு தம்பி. லண்டனிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நோர்ஃபோக்கும் சஃபோக்கும் சந்திக்கிற இடம். பார்க்கும் பக்கமெல்லாம் பைன் மரம். முதலாம் உலகப் போரில் இந்த நாட்டில் மரத்துக்குப் பெரிய தட்டுப்பாடு வந்ததாம். அதனால் 1922இல் நடத் தொடங்கிய காடு. அதற்கு முன் மணல் தரையும் புல்லும் முயலும்தான். மரத்துக்கு மரம் கயிற்றிலும் கம்பியிலும் போகிற பாதைகளை நடத்துகிற கோ ஏப் நிறுவனம் தன் முதல் பாதையைத் திறந்ததும் இங்கேதான், 2002இல். அதில்தான் ஏறினோம்.

பெரியக்கா (லெஸ்டர்): நாங்கள் வியாழக்கிழமைக்குப் பதிவு செய்திருக்கிறோம். அத்தானும் மூத்தவளும் துள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். சின்னவனுக்கு உயரம் என்றால் பயம். உள்ளதைச் சொல், அவனைக் கூட்டிப் போகலாமா?

நான்: கூட்டிப் போங்கள் அக்கா. ஆனால் ஏறுவதா இல்லையா என்பதை அவனே சொல்லட்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை, இன்று மேலே நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா: முதலில் கயிற்றைப் பற்றிச் சொல். அறுந்தால் என்ன செய்வது? எங்கள் வளவில் பனை ஏற வருகிறவர் தளைநாரை ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலில் மாட்டுவார்.

நான்: இங்கேயும் அப்படித்தான் அம்மா. இடுப்பிலும் தொடையிலும் வார் கட்டி, ஒருவர் வந்து எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கிறார். வாரிலிருந்து இரண்டு கயிறு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. தலைக்கு மேலே இரும்புக் கம்பி ஓடுகிறது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது ஒரு கொக்கியைக் கழற்றி மாட்டிய பிறகுதான் மற்றதைத் தொடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் கழன்றிருக்கவே கூடாது. மேலே ஏற விடுவதற்கு முன் தரையோரத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்.

அம்மா: அப்படியென்றால் சரி.

தம்பி: கீழே வருவது எப்படி?

நான்: ஒவ்வொரு பகுதியிலும் நூலேணியில் ஏற்றம், கடைசியில் கம்பியில் சறுக்கி இறக்கம். கிணற்றுக் கப்பி மாதிரி ஒரு கப்பியை மாட்டிக்கொண்டு காட்டுக்கு நடுவே பறந்து வந்து மரச்சீவல் குவியலில் இறங்க வேண்டும். அதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

பெரியக்கா: நீ மேலே என்ன பார்த்தாய், அதைச் சொல்லு.

நான்: மூன்றாவது பகுதியில் ஒரு ஊஞ்சல் இருக்கிறது அக்கா. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து வெறும் காற்றில் காலடி வைத்து, எதிரே இருக்கிற பெரிய கயிற்று வலையில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். மகள் போய்விட்டாள். எனக்குக் கால் எழவில்லை. ஒரு மேடையில் மூன்று பேருக்கு மேல் நிற்கக் கூடாது. அதனால் பின்னால் வந்த குடும்பம் முந்தின மரத்தில் காத்து நின்றது. அவர்கள் காத்து நிற்பதை நினைக்க நடுக்கம் இன்னும் கூடியது.

நான்: கீழே நின்று இவர் "ஒன்றுமில்லை, குதி, குதி" என்று கூப்பிட்டார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் கை இன்னும் இறுகியது. மகள் வலையில் தொங்கிக்கொண்டே, "அப்பா, கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்" என்றாள். பிறகு என்னிடம், "அம்மா, குதிக்க வேண்டாம். கயிற்றில் உட்கார்ந்து பாருங்கள், கதிரையில் இருப்பது போல" என்றாள்.

நான்: முழங்காலை மடித்து மெல்ல இருந்தேன். வார் தாங்கியது. என் முழுப் பாரத்தையும் தாங்கியது. அதுவரைக்கும் நான் கயிற்றைக் கையால் பிடித்துத்தான் நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன். அது என்னைப் பிடித்திருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு போக முடிந்தது. பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். பின்னால் நின்ற தாய் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. இறங்கியதும் அவரைத் தேடிப் போய் நன்றி சொன்னேன்.

அம்மா: பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன பக்குவம்! போனைக் கொடு, நான் அவளோடு பேச வேண்டும்.

நான்: குளிக்கிறாள் அம்மா, வந்ததும் எடுக்கச் சொல்கிறேன்.

பெரியக்கா: வாசிக்கக் கண் கலங்குகிறது. அத்தானையும் இதை வாசிக்கச் சொன்னேன். அவர்தான் எங்கள் வீட்டில் "குதி குதி" ஆள்.

அத்தான்: வாசித்தேன் தங்கச்சி. வியாழக்கிழமை நான் வாயைத் திறக்கமாட்டேன்.

நான்: நன்றி அத்தான். அவன் பாதியில் போதும் என்றால் அங்கே வேலை செய்கிறவர்களைக் கூப்பிடுங்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய ஆளையே பக்குவமாக இறக்கினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

தம்பி: உங்கள் குட்டிப் பையன் ஏறவில்லையா? படங்களில் காணவில்லையே.

நான்: பெரிய பாதைக்கு 1.4 மீட்டர் உயரம் வேண்டும் தம்பி. அவன் நான்கு சென்டிமீட்டர் குறைவு. அளவுகோலில் குதிக்காலைத் தூக்கி நின்று பார்த்தான், பாவம். பிழை எங்களுடையது, வீட்டிலேயே அளந்திருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் அப்பாவோடு கீழே எங்கள் பின்னாலேயே நடந்து வந்தான்.

நான்: திரும்பி வரும் வழியில் பக்கத்திலே கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனோம். ஏறக்குறைய 4,500 வருடத்துக்கு முன் சக்கிமுக்கிக் கல் எடுக்க மனிதர்கள் மான் கொம்பால் தோண்டிய சுரங்கம். ஒன்பது மீட்டர் ஆழம். நேரே கீழே இறங்கிப் போனான். அக்கா மேலே போனாள், நான் கீழே போனேன் என்று கார் முழுக்க அதே கதை.

அம்மா: அவனுக்கு என் முத்தம்.

பெரியக்கா: என்ன கொண்டுபோக வேண்டும்?

நான்: நன்றாகப் பிடிக்கிற சப்பாத்து, நீளக் காற்சட்டை. மூத்தவளின் தலைமுடியை இறுக்கிக் கட்டுங்கள், மோதிரம் சங்கிலி வேண்டாம். கையுறை கட்டாயம். எங்களிடம் இரண்டு சோடி இருக்கிறது, திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன். சின்னவனின் கை என் கை அளவா?

பெரியக்கா: உன்னுடையதைவிடப் பெரிது இப்போது.

நான்: அப்படியென்றால் இவருடையதை அனுப்புகிறேன்.