மைன்கிராஃப்ட் சர்வர்ல பாட் தொல்லை: ஐபி தடை போட்டும் நிக்க மாட்டேங்குது

கோபி_சர்வர்:
வணக்கமுங்க. கோபி, சத்தி, அந்தியூர்ப் பசங்க விளையாட ஒரு விபிஎஸ்ல (வாடகைக்கு எடுத்த நெட் கம்ப்யூட்டர்) மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓட்டறனுங்க. முன்னால ஆளுங்களை வாங்கி உள்ள அனுப்பற வெலாசிட்டி, பின்னால கேமை ஓட்டற பேப்பர், ஆன்லைன்-மோட் ஃபால்ஸ் (கேம் கம்பெனி மொஜாங்கோட கணக்குச் சோதனை இல்லை). பொழுது சாஞ்சா போதும், வாயில நுழையாத பேர்ல பாட்டுங்க (புரோகிராம் ஓட்டற போலி ஆளுங்க) சரஞ்சரமா உள்ள வந்து சாட் பூரா விளம்பரம் போடறாங்க. டிபிஎஸ் (கேம் ஓடற வேகம்) படுத்துருது. ஒவ்வொண்ணும் வேற ஐபி. ஒரு மொபைல் நெட் ஐபியைத் தடுத்ததுக்கு நம்ம பசங்களே வெளிய நிக்கறாங்க. என்னங்க பண்றது?

பெருந்துறை_நெட்வொர்க்:
தம்பி, முதல்ல அந்தத் தடையெல்லாம் எடுத்துருங்க. மொபைல் நெட்ல சிஜிநாட் இருக்கும், அதாவது ஒரே பொது ஐபிக்குப் பின்னால ஏகப்பட்ட போன். பாட் விடறவனுக்கோ ப்ராக்ஸி (தன் ஐபியை மறைச்சு வேற ஐபில வர உதவற சர்வர்) பட்டியல் இலவசமாவே கெடைக்குது, ஒண்ணு போனா இன்னொண்ணு. ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க: வெலாசிட்டி லாக்ல இல்லாத பேர் பேப்பர் லாக்ல இருக்குதா?

கோபி_சர்வர்:
ஆமாங்ணா, பாதிக்கு மேல அப்படித்தான் இருக்குது! வெலாசிட்டி வர்றவங்க விவரத்தைப் பேப்பருக்குச் சொல்ற ஃபார்வர்டிங், லெகசிங்கற பழைய முறைல இருக்குதுங்க.

பெருந்துறை_நெட்வொர்க்:
அப்ப பின்வாசல் தொறந்து கெடக்குது, வெலாசிட்டியைத் தாண்டி நேரா பேப்பருக்கே வர்றாங்க. விளம்பரத்தை விடப் பெரிய ஆபத்து இது. லெகசில, பேப்பர் போர்ட்டைத் தொட முடிஞ்சவன் உங்க ஆப் (op, முழு அதிகாரம் உள்ள ஆள்) பேரைச் சொல்லிக்கிட்டே உள்ள வந்து எல்லாத்தையும் அழிக்கலாம். இன்னைக்கே ஆப்களோட பட்டியலான ஆப்ஸ்.ஜேசன் ஃபைலைத் தொறந்து, தெரியாத பேர் இருக்குதான்னு பாருங்க. வெலாசிட்டி, பேப்பர் ரெண்டும் ஒரே விபிஎஸ்லதானே? பேப்பரோட சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ்ல சர்வர்-ஐபிக்கு 127.0.0.1 கொடுங்க, அப்ப அதே கம்ப்யூட்டருக்குள்ள இருந்து மட்டும்தான் பேப்பரைத் தொட முடியும். வெலாசிட்டில ஃபார்வர்டிங்கை மாடர்ன் ஆக்கி, வெலாசிட்டியோட ரகசியச் சாவியைப் பேப்பர்-குளோபல் ஃபைல்லயும் போடுங்க. மைன்கிராஃப்ட் 1.13-ஓ அதுக்கு மேலயோன்னா வேலை செய்யும்.

கோவை_அக்கா:
முன்வாசல் வெலாசிட்டி வழியா வர்றவங்களுக்கு லிம்போ ஃபில்டர்ங்கற பிளகினை வைங்க கண்ணு. புது ஆளைக் காலி உலகத்துல விட்டு, எப்படி விழறான்னு பார்க்கும். மைன்கிராஃப்ட்ல விழற வேகம் டிக்குக்கு (கேமோட ஒரு துடிப்பு) 0.08 கூடி, 0.98-ஆல் பெருகும், நொடிக்கு 20 டிக். உண்மையான கேம்ல அந்தக் கணக்கு தானா நடக்கும். லாகின் மட்டும் அனுப்பத் தெரிஞ்ச பாட் அங்கயே மாட்டிக்கும். வெலாசிட்டியோட லாகின்-ரேட்லிமிட் (அடுத்த லாகினுக்குக் காத்திருக்கற நேரம்) 3000 மில்லிசெகண்ட், அது ஐபி வாரியாத்தான். ப்ராக்ஸி மாத்தி வர்றவனை நிறுத்தாது. அந்த நேரத்தைக் கூட்டினா ஒரே நெட்ல இருக்கற உங்க பசங்கதான் அடிபடுவாங்க.

கோபி_சர்வர்:
127.0.0.1 போட்டு மாடர்னும் மாத்திட்டனுங்க, நேரா வர்றது சுத்தமா நின்னுருச்சு. ஆப்ஸ் ஃபைல்லயும் நம்ம பேர் மட்டும்தான். லிம்போ இன்னைக்கு ராத்திரி ஏத்தறேன். ப்ரிவெண்ட்-ப்ராக்ஸி-கனெக்‌ஷன்ஸ் ட்ரூ பண்ணட்டுங்களா?

கோவை_அக்கா:
வேண்டாங்க. அது மொஜாங் லாகினோட ஐபியையும் சர்வருக்கு வர்ற ஐபியையும் ஒப்பிட்டுப் பார்க்கறது. ஆன்லைன்-மோட் ஃபால்ஸ்ல அந்தச் சோதனையே நடக்காது.